புதுப்பிப்பு: கொடையில் கணியான்களுக்கு மரியாதை

கோயில் கொடைத் திருவிழாவுல சாமி கதையைப் பாடி ஆடுற கணியான் கூத்துக் கலைஞர்களையும், கொடைக்கு ஓடியாடி வேலை பார்க்கிற இளவட்டங்களையும் ஊர் முன்னால கௌரவிக்கணும்னு முன்னாடி எழுதியிருந்தேன். எங்க சுடலைமாடன் கோயில் கொடையில் அது நடந்துட்டு.

கூத்தில் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவிக்கு வேட்டி, துண்டு. அவரை ஊரே அறியும். மகுடம்ங்கிற தோல் பறையை அடிக்கிற மகுடக்காரங்களையும் முன்னால அழைச்சதுதான் எனக்குப் பெருசு. உச்சம், மந்தம்னு ரெண்டு மகுடமும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லணும், அப்போதான் சாமியாடிக்கு அருள் ஏறும். பனியில் தோல் தொய்ஞ்சா சத்தம் அமுங்கிடும். ராத்திரி முழுக்க இடையிடையே தீயில் காட்டி முறுக்கேத்தணும். அதுக்கு ஓலையும் சருகும் அள்ளிட்டு வந்து போடுற பையன்களுக்கும் துண்டு போட்டோம். ஒருத்தன் கண் கலங்கிட்டான்.

பெண் வேஷம் கட்டி விடியவிடிய ஆடுறவங்களைச் சிலர் கேலி பேசுறது எனக்கு எப்பவும் வலிக்கும். இந்தத் தடவை ஒரு பெரியவரே, "ஏல, அவிய நம்ம சாமிக்குல்லா ஆடுதாவ"ன்னு அதட்டினாரு.

கூத்துக் கலைஞர்களோட சம்பள விஷயம் பாக்கி இருந்துச்சு. அடுத்த கொடைக்குக் கோயில் வரி பிரிக்கும்போதே கூத்துக்கான பணத்தை முதல்ல எடுத்து வைக்க வரிதாரர்கள் சம்மதிச்சுட்டாங்க.