தட்டின் ஓரத்தில் சிக்னல் குறைகிறது, பவர் ஆடுகிறது: காரணம் என்ன?

கேள்வி: பவுடர் பெட் மெஷின் (உலோகப் பொடியை லேயர் லேயராக லேசரால் உருக்கும் 3டி பிரிண்டர்), 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1070 நானோமீட்டர் ஃபைபர் லேசர், 200 வாட், வினாடிக்கு 800 மி.மீ. லேசர் போகும் பாதையிலேயே (கோஆக்சியலாக) வைத்த சிலிக்கான் போட்டோடயோடு, உலோகம் உருகும் இடத்தின் (மெல்ட் பூல்) ஒளியை அளக்கிறது; அந்த சிக்னலைப் பார்த்து பிஐடி கன்ட்ரோலர் பவரை மாற்றுகிறது. நடுவில் ஒழுங்காக ஓடுகிறது. ஓரத்தில் சிக்னல் 15% குறைய, பவர் ஏறிவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் அடியில் உருண்டைத் துளைகள். ஓவர்ஹாங்கில் (அடியில் பவுடர் மட்டும் உள்ள தொங்கும் பகுதி) பவர் மேலும் கீழும் ஆடுகிறது. கெயினை (பிழைக்கு பிஐடி எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு) குறைத்தும் பயனில்லை.

பதில் 1: பவர் ஏறிய இடத்தில், அடியில் உருண்டைத் துளை என்றால் பெரும்பாலும் கீஹோல் (பவர் மிஞ்சி உலோகம் ஆவியாகி ஆழமான குழி விழுந்து, அதில் வாயு சிக்குவது). அதை உண்டாக்கியது உங்கள் கன்ட்ரோலர்தான். லேசரைத் தட்டில் குவிக்கும் எஃப்-தீட்டா லென்ஸ் 1070 நானோமீட்டருக்கே திருத்தப்பட்டது. மெல்ட் பூல் ஒளியின் அலைநீளம் வேறு. ஓரம் போகப் போக அந்த ஒளி பக்கவாட்டில் விலகி, டயோடின் துளையில் வெட்டுப்படும். லூப்பை (சிக்னலைப் பார்த்து பவரை மாற்றும் சுற்றை) அணைத்துவிட்டு, பவுடர் இல்லாத வெறும் தட்டில் 5×5 புள்ளிகளில் ஒரே பவர், ஒரே வேகத்தில் கோடு போடுங்கள். ஒவ்வொரு புள்ளியின் சராசரியையும் நடுப்புள்ளியின் சராசரியால் வகுத்தால் திருத்த வரைபடம் கிடைக்கும். பாதுகாப்புக் கண்ணாடியை முதலில் துடையுங்கள், இல்லையென்றால் புகைப்படிவும் வரைபடத்தில் ஏறிவிடும்.

இன்னொன்று: சிலிக்கான் டயோடு சுமார் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும், அதாவது 1070 லேசரும் அதில் தெரியும். 20 வாட்டில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். உலோகம் உருகாது, அப்போதும் சிக்னல் வந்தால் எதிரொளித்த லேசரைத்தான் அளக்கிறீர்கள். 950 நானோமீட்டருக்கு மேல் தடுக்கும் ஃபில்டர் போடுங்கள்.

கேட்டவர்: 20 வாட்டிலும் சிக்னல் வருகிறது! லூப் தாமதம் சுமார் 1 மில்லிசெகண்ட். பிஐடி கணினியில் ஓடுகிறது.

பதில் 2: ஆட்டத்துக்கு அதுதான் காரணம். 1 மில்லிசெகண்டில் லேசர் 0.8 மி.மீ. போய்விடும், மெல்ட் பூல் அகலமே 0.1–0.2 மி.மீ. சுற்றுதான். பழைய இடத்துக்கான திருத்தம் புது இடத்தில் விழுகிறது. கெயினைக் குறைத்தால் ஆட்டம் மெதுவாகுமே தவிர இடம் பொருந்தாது. வெக்டர்களுக்கு (லேசர் போடும் கோடுகளுக்கு) நடுவே லேசர் அணையும்போது இன்டெக்ரேட்டரை (பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பிஐடி-யின் ஐ பகுதியை) உறைய வைக்கிறீர்களா? இல்லையென்றால் சிக்னல் பூஜ்யம் என்று நினைத்து அது ஏறிக்கொண்டே போய், அடுத்த வெக்டரின் தொடக்கத்தில் பவரைக் கொட்டும்.

பிஐடி-யில் டி-யை (சிக்னல் மாறும் வேகத்தைப் பார்க்கும் பகுதியை) எடுத்துவிடுங்கள், ஸ்பாட்டர் (தெறிக்கும் உலோகத் துளிகள்) இரைச்சலை அது பெருக்கும். எஃப்பிஜிஏ-வுக்கு (கணினியைவிட வேகமாகப் பதிலளிக்கும் சிப்) மாற்றும் வரை லேயருக்குள் லூப் வேண்டாம்: இந்த லேயரில் பகுதிவாரியாகக் கிடைத்த சராசரியைக் கொண்டு அடுத்த லேயரின் பவரைத் திருத்துங்கள், ±10% வரம்போடு. ஓவர்ஹாங்குக்கு அடியில் பவுடர் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஸ்லைஸ் கோப்பிலேயே (லேயர் வாரியாக லேசர் பாதை உள்ள கோப்பு) அங்கே பவரைக் குறைத்துவிடலாம். கீழ்வரம்பு கட்டாயம், இல்லையென்றால் உருகாத பவுடர் அடைபட்டுவிடும்.

கேட்டவர்: உறைய வைக்கவில்லை. ஃபில்டர் போட்டுவிட்டுத்தானே வரைபடம் எடுக்க வேண்டும்?

பதில் 1: ஆமாம். பழையதைத் தூக்கிப் போடுங்கள்.