ஊரடங்கு வழக்கு எல்லாம் வாபஸ்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் பாஸ்போர்ட்ல இடிக்குது?

செல்கடை_சாத்தூர்:
2020 மே மாசம். நேரம் முடிஞ்சும் கடை திறந்திருக்குன்னு ரோந்து வந்தவங்க பிடிச்சாங்க. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிட்டு, ஒரு நர்ஸக்காவோட போனுக்கு டிஸ்ப்ளே மாத்திட்டிருந்தேன். அவங்க நைட் டூட்டிக்குப் போகணும், போன் இல்லாம எப்படி? சொன்னா யார் கேக்குறா. ஆதார் நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் ஜாமீன்ல விட்டுட்டாங்க. 2021 பிப்ரவரியில முதல்வர் பழனிசாமி கடையநல்லூர்ல பேசும்போது, ஊரடங்கு மீறல் வழக்கு சுமார் 10 லட்சம் வாபஸ்னு அறிவிச்சாரு. டிவியில நானே பார்த்தேன். இப்ப மச்சான் ஷார்ஜாவுக்குக் கூப்பிடுறாரு, வெரிஃபிகேஷன்ல '188, 269 பிரிவு வழக்கு நிலுவை'ங்கிறாங்க. "பத்தாயிரம் குடுங்க, எடுத்துடலாம்"னு ஒருத்தர் பின்னாடியே சுத்துறார். குடுக்கலாமா?

மளிகை_ராஜா:
குடுக்காதீங்கண்ணே. நான் கோர்ட்ல ஃபைன் கட்டி முடிச்சுட்டேன், நீங்களும் அப்படியே கட்டிருங்க.

வக்கீல்_மதுரை:
ராஜா அண்ணாச்சி, பணம் குடுக்க வேண்டாம்கிறது சரி, ஃபைன் யோசனை வேண்டாம். குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா அது தண்டனைக் கணக்கு.

சாத்தூர் தம்பி, அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல 188ங்கிறது அரசு ஊழியர் போட்ட உத்தரவை மீறுறது. இதுல பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195-வது பிரிவு குறுக்கே நிக்கும்: அந்த உத்தரவு போட்டவரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துல புகார் குடுத்தாத்தான் கோர்ட் வழக்கைக் கையில எடுக்க முடியும். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு சார்ஜ் ஷீட் தாக்கல் பண்ணினா செல்லாது. 2018-ல ஜீவானந்தம் வழக்குல நம்ம ஐகோர்ட் மதுரைக் கிளை இதைத் தெளிவா சொல்லிருச்சு. அது தெரிஞ்சும் லட்சக்கணக்குல எஃப்.ஐ.ஆர். போட்டாங்க. கிருமி பரவக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டதை நான் குறை சொல்லல, ஓட்டை இருக்கிற பிரிவை வச்சு மிரட்டினதைத்தான் சொல்றேன்.

269ங்கிறது கவனக்குறைவால நோய் பரவ வழி பண்றது, அதுக்கு 195 பொருந்தாது. அதனாலதான் கூடவே சேர்த்துப் போடுறது. ஆனா ரெண்டுக்கும் அதிகபட்சம் ஆறு மாசம்தான் தண்டனை, ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்திருக்கணும். கொரோனாவுக்காக 28.02.2022 வரையான காலத்தைக் கெடுவுல கணக்கு வைக்க வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தாலும், 2023 பிப்ரவரியோட கெடு தீர்ந்துச்சு.

மேடையில அறிவிச்சா ஸ்டேஷன் பதிவேடு தானா அழியாது. முதல்ல இ-கோர்ட்ஸ் ஆப்ல ஸ்டேஷன் பேரு, எஃப்.ஐ.ஆர். நம்பர் போட்டுத் தேடுங்க.

செல்கடை_சாத்தூர்:
தேடினேன் சார், ஒண்ணுமே வரல.

வக்கீல்_மதுரை:
ஆப்பை மட்டும் நம்பாதீங்க. உங்க மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நகல் மனு போட்டு, சார்ஜ் ஷீட் வரலைன்னு எழுத்துல வாங்கிருங்க. கோர்ட்ல நிலுவையில இருந்தாத்தான் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) தடுக்கும், எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. அந்தத் தாளோட பாஸ்போர்ட் ஆபீசுக்குப் பதில் அனுப்புங்க. அப்படியும் மறுத்தா, மதுரைக் கிளையில எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய மனு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 528.

மளிகை_ராஜா:
வக்கீல் சார், அப்போ நான் கட்டின ஃபைன்?

வக்கீல்_மதுரை:
தீர்ப்பு நகலை எடுத்து வைங்க அண்ணாச்சி. உங்களுது தனி வழக்கு, தனித் திரியில பேசுவோம்.