'களை மீன்' என்று யார் பெயர் வைத்தது? ஊர்க்குளத்து ஏலமும் இலுப்பைப் புண்ணாக்கும்

கோரையாற்றங்கரை (தொடங்கியவர்)
நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறதே, அதில் கோரையாற்றுப் பாசனம். இந்த முறை ஊர்க்குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமையை, அதாவது மீன் பாசி ஏலத்தை, வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்திருக்கிறார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடப்போகிறார். அதற்கு முன்னால் இலுப்பைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றி, குளத்தில் கிடக்கிற 'களை மீன்' அத்தனையையும் தீர்த்துவிடுவாராம். மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பறக்கிறார்.

களை மீன் என்றால் எது என்று கேட்டேன். விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரல், அயிரை, உளுவை, பனையேறிக் கெண்டை என்று விரல் விட்டு எண்ணினார். நான் சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட மீன் எல்லாம் அதில் வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்று சொல்லலாமா, இல்லை எனக்குத்தான் கிறுக்கா?

குத்தகைக்காரன்
கிறுக்கெல்லாம் இல்லை அண்ணே, ஆனால் கணக்கையும் பாருங்கள். பதினோரு வருஷமாகக் குளம் எடுக்கிறேன். விரால் கிடக்கிற குளத்தில் விரல் நீளக் குஞ்சை விட்டால் அதற்குப் பந்தி போட்ட மாதிரிதான். அயிரை விட்டு விரால் பிடிப்பது என்று பழமொழி சொல்வார்கள். நான் ஒரு வருஷம் கட்லா விட்டு விரால் வளர்த்தேன். அந்தக் கடன் அடைய இரண்டு வருஷம் ஆனது.

அப்புறம், இலுப்பைப் புண்ணாக்கு பூச்சிமருந்து கிடையாது. அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்த அணுவை உடைக்கும், அவ்வளவுதான். செத்த மீனைக் குழம்பு வைக்கலாம். சில வாரத்தில் விஷம் அடங்கி அதே புண்ணாக்கு குளத்துக்கு எருவாகிவிடும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்று மீன் வளர்ப்புப் பாடத்திலேயே இருக்கிறது. நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை.

மாயவரத்து மருமகள்
ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. குளம் இருக்கிற ஊருக்கு இலுப்பைப் புண்ணாக்கு விஷம் போல.

அந்தப் பாடம் மீன் வளர்ப்பதற்கென்றே வெட்டிய பண்ணைக்குட்டைக்கு எழுதியது, தம்பி. வாய்க்காலும் வயலும் வடிகாலும் ஒன்றோடொன்று கோத்துக்கிடக்கிற டெல்டாவில் ஊர்க்குளம் தனிக்குட்டை இல்லை.

குத்தகைக்காரன்
அக்கா, கோத்துக்கிடக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது பயம் எதற்கு? ஆனியில் தண்ணீர் திறந்ததும் வாய்க்கால் வழியே எல்லா மீனும் திரும்ப வந்துவிடும்.

ஊத்தா
வந்த காலம் உண்டு ஐயா. எனக்கு அறுபத்தெட்டு வயது. புதுத் தண்ணீர் மடையில் நுரைத்துக்கொண்டு வரும்போது கெண்டையும் கெளுத்தியும் எதிரேறும். மடைவாயில் பறி வைத்துவிட்டு விடியலில் எடுத்தால் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். மழை இரவில் வரப்பில் வைக்கோலைக் கிழிப்பது மாதிரி சரசரவென்று சத்தம் கேட்கும். லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தால் பனையேறிக் கெண்டை. செவுள் மூடியை விரித்து, அதன் முள்ளைச் சேற்றில் ஊன்றி, வாலால் ஒரு உந்து உந்தி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். கையில் எடுத்தால் செவுள் முள் கிழித்துவிடும்; எனக்குக் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

இந்த மீனுக்கு நம் தரங்கம்பாடியில் ஒரு கதை உண்டு. டால்டார்ஃப் என்கிற டேனிஷ் படை அதிகாரி, 1791-ல் இது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டில் அது அச்சாகிவிட்டது. மரம் ஏறுமா என்று அப்புறம் ஆளாளுக்குச் சண்டை போட்டார்கள். நான் பார்த்தவரை மரம் ஏறவில்லை. வரப்பு ஏறும்.

இப்போது எங்கள் பக்கம் வாய்க்காலுக்குக் கான்கிரீட் சுவர் வைத்துவிட்டார்கள். மீன் எதிரேறப் பள்ளமும் இல்லை, ஒதுங்கப் புல்லும் இல்லை. வயலில் குருணை மருந்து. ஆற்றில் கோடையில் மீன் தங்குகிற மடுக்கள் மணலோடு போயின. எங்கிருந்து திரும்ப வரும்? அதற்கு மிஞ்சியிருக்கிற இடமே நீங்கள் புண்ணாக்கு கரைக்கப் போகிற குளம்தான்.

வடவாற்றான்
பெரியவர் சொல்வது மனதைத் தொடுகிறது. ஆனால் குத்தகைக்காரர் தலையில் எல்லாப் பழியையும் கட்டக்கூடாது. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்து முட்டையிட்ட உள்ளம் மீன், 1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு படுத்துவிட்டது. அதற்கு எந்த ஏலக்காரர் காரணம்?

இன்னொன்று. இன்று குளத்தில் இருப்பது உங்கள் தாத்தா காலத்து மீன் என்று யார் சொன்னது? ஜிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. வாயிலேயே முட்டையை அடைகாத்து, ஓயாமல் பெருகி, குளத்தை நிரப்பிவிட்டது. தடை போட்டும் திருட்டுத்தனமாக வளர்க்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி, குட்டை உடைகிற வெள்ளத்தில் தப்பி எல்லா வாய்க்காலிலும் புகுந்துவிட்டது. போன தை மாதம் என் வீச்சுவலையில் கண்ணாடித்தொட்டியில் வளர்க்கிற டேங்க் கிளீனர் ஒன்று மாட்டி, வலையை அறுத்துத்தான் எடுத்தேன். இதையெல்லாம் சுத்தமாக எடுக்கப் புண்ணாக்கை விட்டால் வேறு வழி சொல்லுங்கள்.

கோரையாற்றங்கரை
இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் குளத்திலும் ஜிலேபிதான் பாதி.

மாயவரத்து மருமகள்
நியாயமான கேள்வி. ஆனால் ஜிலேபியும் அதே வாய்க்காலில்தான் இருக்கிறது, புண்ணாக்கு போட்ட அடுத்த வருஷம் முதலில் வந்து இறங்குவதும் அதுதான். காலியான குளத்தில் அதற்குப் போட்டிக்கு ஆள் கிடையாது. ஜிலேபிக் குஞ்சைத் தின்று மட்டுப்படுத்துகிற விராலை நீங்களே கொன்றுவிட்டீர்களே.

செலவையும் சொல்கிறேன். கட்லா, ரோகு எல்லாம் வடக்கத்தி ஆற்று மீன், தேங்கின தண்ணீரில் முட்டை போடாது. 1957-ல் ஊசி போட்டு முட்டையிட வைக்கிற முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் குஞ்சு தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் வருஷாவருஷம் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். விராலும் கெளுத்தியும் யாரிடமும் குஞ்சு கேட்கவில்லை. கோரைப்புல்லுக்கு நடுவில் விரால் ஜோடி தன் செம்பட்டைக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காப்பதை எந்தப் படித்துறையில் உட்கார்ந்தும் பார்த்திருக்கலாம்.

பிடித்த கட்லா ஐஸ்பெட்டியில் லாரி ஏறிவிடும். எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறவள், சேலைத்தலைப்பில் அள்ளிவந்த அயிரையை உப்புப் போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைப்பாள். ஏலத் தொகையில் அந்தக் குழம்புக்குக் கணக்கு இல்லை.

குத்தகைக்காரன்
அக்கா, ஏலத் தொகை கட்டுவது நான். அயிரைக் குழம்பு என் கடனை அடைக்காது.

ஊத்தா
சரி, சண்டை வேண்டாம். சித்திரையில் குளம் முழங்கால் அளவுக்கு வற்றுமே, அப்போது ஊரைக் கூப்பிட்டு ஊத்தா போடவிடு, அதுதான் மீனை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கிற அடியில்லாக் கூடை. இழுவலையும் இரண்டு மூன்று தரம் இழு. பெரிய விரால் வந்துவிடும், ஜிலேபியும் முக்கால்வாசி வந்துவிடும். அப்புறம் விரல் நீளக் குஞ்சை விடாதே, சாண் நீளத்துக்கு வளர்ந்ததை விடு. விரால் வாய்க்கு அது அடங்காது.

குத்தகைக்காரன்
சாண் நீளக் குஞ்சு என்ன விலை தெரியுமா தாத்தா?

வடவாற்றான்
புண்ணாக்கு மூட்டைக்கும் விலை உண்டே. ஹெக்டேருக்கு இரண்டரை டன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கழித்துப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. அது வலைக்குச் சிக்காமல் சேற்றில் பதுங்கும்.

கோரையாற்றங்கரை
நேற்று கூட்டம் நடந்தது. பாதிப் பேர் ஏலக்காரர் பக்கம். கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரே இறங்கி மீன் பிடிப்பது, புண்ணாக்கு வேண்டுமா என்பதை மிச்சத்தைப் பார்த்து முடிவு செய்வது என்று நின்றிருக்கிறது. நான் இரண்டு அண்டாவில் தண்ணீர் பிடித்துவைத்து, சின்ன மீன்களைக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடலாம் என்று இருக்கிறேன். ஏலக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

குத்தகைக்காரன்
எந்த ஊர் அண்ணே? ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிற விராலை உயிரோடு எனக்குக் கொடுப்பீர்களா? அதற்குத் தனி ரேட்.

மாயவரத்து மருமகள்
களைக்கா ரேட்டு?