பிரின்சிப்பே மீன்கொத்தி இப்போது தனி இனம் இல்லையா?

கால்வாய்க்கரை (வெள்ளவத்தை):
பழைய பறவைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அதில் கினி வளைகுடாவில் இருக்கிற சாவோ தொமே, பிரின்சிப்பே தீவுகளுக்கு ஆளுக்கொரு குட்டி மீன்கொத்தி என்று தனித்தனி இனமாகப் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் இரண்டுமே ஆபிரிக்காவின் மலக்கைட் மீன்கொத்திக்குத் துணையினம், அதாவது அந்த இனத்துக்குள் ஒரு பிரிவு, என்று வருகிறது. தீவில் தனியாகக் கிடக்கிற பறவையை ஏன் இப்படிக் கீழே இறக்கினார்கள்?

குளத்துக்கொக்கு:
2008இல் மெலோ, ஃபுக்ஸ் என்ற ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு எழுதிய கட்டுரைதான் காரணம். அதற்கு முதல் பிரின்சிப்பே பறவையை வெள்ளை வயிற்று மீன்கொத்தியோடு சேர்த்தவர்களும் உண்டு. மரபணுவில் பார்த்தால் இரண்டு தீவுப் பறவைகளும் மலக்கைட் வழி வந்தவை, அதுவும் ஒன்றிலிருந்து மற்றது பிரியாமல், தனித்தனியாக வந்து குடியேறியவை, வந்து அதிக காலமும் ஆகவில்லை. இரண்டும் எரிமலைத் தீவுகள், பெருநிலத்தோடு ஒருநாளும் ஒட்டியிருக்கவில்லை, கரையிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல். 13 சென்ரிமீற்றர் பறவை அந்தக் கடலை இரண்டு தரம் தாண்டியிருக்கிறது!

கால்வாய்க்கரை:
சரி, அப்போ இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் இருக்கிற நம்முடைய மூன்று விரல் மீன்கொத்தி? அதுவும் தீவுப் பறவைதானே.

குளத்துக்கொக்கு:
அது இந்தியாவில் இருக்கிற அதே இனம். பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியபோது பாக்கு நீரிணைப் பக்கம் தரையாகவே இருந்தது, ஆகவே நம் தீவின் கதை வேறு. இந்த மூன்று விரல் மீன்கொத்திகளில் உண்மையான தலையிடி மலாயா, போர்னியோ பக்கம்தான். கறுப்பு முதுகுப் பறவைகளும் செம்முதுகுப் பறவைகளும் அங்கே கலந்து, இடைப்பட்ட நிறத்திலும் பறவைகள் கிடைக்கின்றன. அதனால் சிலர் ஒரே இனம் என்பார்கள், சிலர் இரண்டு என்பார்கள்.

மழைக்காடு:
மரபணு சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் எனக்கு இதில் ஒரு கோபம் இருக்கிறது. அழியும் ஆபத்தைக் கணக்கிடுகிற உலகச் சிவப்புப் பட்டியல் (IUCN) பறவைகளை இன அளவில்தான் மதிப்பிடுகிறது. மலக்கைட் சகாராவுக்குத் தெற்கே ஆபிரிக்கா முழுக்கப் பரந்து கிடக்கிற பறவை, அதற்கு ஆபத்தில்லை என்று போட்டுவிடுவார்கள். பிரின்சிப்பே கொழும்பு மாவட்டத்தைவிடச் சின்னத் தீவு. அங்கே அது அருகிப்போனால் அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட மாறாது.

குளத்துக்கொக்கு:
அது பட்டியல் போடுகிற முறையின் குறை அண்ணா, வகைப்பாட்டின் குறை இல்லை. பாதுகாக்க வேண்டும் என்பதற்காகத் துணையினத்தை இனமாக்க முடியாது. துணையினங்களையும் தனியாக மதிப்பிடுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.