ரயிலை விட்டு இறங்கியபின் கடல் எவ்வளவு தூரம்?

சென்னை கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிக் கடலைத் தேடியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு ராஜாஜி சாலையில் வேலை. தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து அங்கேதான் இறங்குகிறேன். தேடி வந்தவர்களில் ஒரு குடும்பம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

சில வருடங்களுக்கு முன், கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அவருடைய மருமகள், இரண்டு பிள்ளைகள். சின்னவன் கையில் மஞ்சள் வாளி. திண்டிவனத்திலிருந்து தாம்பரம் வந்து, அங்கே ஒரு ரயிலின் நெற்றியில் ‘கடற்கரை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஏறியிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் வாகன நெரிசல், எதிரே துறைமுகத்தின் மதில். “தம்பி, கடல் எந்தப் பக்கம்?” என்றார் பெரியவர்.

அந்த மதிலுக்குப் பின்னால்தான் என்பது சரியான பதில். வாளியோடு நிற்கிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? துறைமுகம் வருவதற்கு முன் அலை இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது, பெயர் அந்தக் காலத்து நினைவு என்று விளக்கினேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலுக்குள் கற்சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் அந்தச் சுவரில் தடைபட்டுத் தென்புறத்தில் குவிந்தது. மெரினா அப்படித்தான் அகன்றது. மணல் போய்ச் சேராத ராயபுரம் பக்கத்தைக் கடல் தின்றது. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆக, நிலத்தைத் துறைமுகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு பட்டாவில் பெயரை மட்டும் மாற்றவில்லை” என்றார். நான் ஐந்து நிமிடம் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதே ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏற்றிவிட்டு, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே பார்த்து நடக்கச் சொன்னேன். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேல் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றிருந்தது. அப்போது வந்திருந்தார்களானால் நான் விழித்திருப்பேன். ஏறும்போது அந்தச் சின்னவன் மட்டும் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டே போனான். பெயரைப் பார்த்து ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா!

ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் உங்களுக்கு எதிர்ப்பட்டவர்கள் யாரும் உண்டா?

*

நெல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. ஜங்ஷனில் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறினால் தண்டவாளம் தீர்கிற இடத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். 1923இல் போட்ட பாதை. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று வாய்ப்பாடு மாதிரி வரும். வழியெல்லாம் தாமிரபரணிப் பாசனத்து வயலும் வாழையும். குரும்பூர் தாண்டியதும் பனை கூடும், காற்றில் பிசுபிசுப்பு ஏறும். கடல் கண்ணில் படாது. மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

போன தை மாதத்துக்கு முந்தைய அமாவாசை அன்று தனியாகப் போனேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் ஆச்சி ஏறி எதிரே உட்கார்ந்தார். சுருக்குப்பை, தூக்குவாளி, மாற்றுச் சேலை. “ஏ பிள்ளை, கூட யாரும் வரவில்லையா?” என்று ஆரம்பித்தார். ஊர் பக்கத்திலேயே புதுக்குடி என்றதும் எனக்கு உடனே 2023 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. சுமார் 800 பேர். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது புதுக்குடிக்காரர்கள்.

“நீங்களும் பொங்கினீர்களா ஆச்சி?” என்று கேட்டேன்.

“பொங்கினேன். எங்கள் வீட்டில் இருந்த அரிசியும் பருப்பும் போயிற்று. கூடவே பெரிய சட்டி ஒன்றும் போயிற்று, இன்னும் திரும்பி வரவில்லை.” அரிசியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்தச் சட்டியின் அளவை மட்டும் இரண்டு கையையும் விரித்து மூன்று முறை காட்டினார். பயணிகளைப் பற்றிக் கேட்டபோது, “எல்லோரும் முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவன்தான் நிறுத்தியிருக்கிறான்” என்றார்.

திருச்செந்தூர் ஸ்டேஷனிலிருந்து கோவில் வாசலுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். நான் ஆட்டோவைக் கைகாட்டினேன். ஆச்சி என் கையைத் தட்டிவிட்டார். “கடலுக்கு வருகிறவள் நடக்காமல் வருவாளா?” ஆகவே நடந்தோம். வழியில் சில்லுக்கருப்பட்டிக் கடைகளை ஒவ்வொன்றாக நிராகரித்துக்கொண்டே வந்தார். சீனி கலந்தது, நிறம் சரியில்லை, இவன் தராசு சரியில்லை.

அன்றைக்குக் கடல் உள்வாங்கியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இப்போதெல்லாம் இப்படி நடக்கிறது. மூழ்கிக் கிடக்கும் பாறைகள் பச்சைப் பாசியோடு வெளியே தெரியும். கூட்டம் முழுக்க அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாறை தாண்டினேன். மூன்றாவதில் வழுக்கி உட்கார்ந்தேன். உள்ளங்கையில் சிப்பி கிழித்தது. ஆச்சி திட்டவில்லை. கையைக் கடல்நீரில் முக்கச் சொல்லிவிட்டு, “தண்ணீர் கொஞ்ச நேரம் விலகியிருக்கிறது. அதற்காக அது உன் இடமாகிவிடுமா?” என்றார். பிறகு நாழிக்கிணற்றுக்கு அழைத்துப் போனார். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்பில்லாத ஊற்று. அந்தத் தண்ணீரைக் காயத்தில் ஊற்றியதும் எரிச்சல் அடங்கியது. திரும்பும்போது ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவதற்கு முன், முந்தானையில் முடிந்து வைத்திருந்த சில்லுக்கருப்பட்டியை என் மடியில் போட்டார். எந்தக் கடையில் எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை.

*

திருச்செந்தூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் மயிலாடுதுறை. எங்களுக்கும் தரங்கம்பாடிவரை ரயில் இருந்தது, 1926இல் வந்து 1986இல் போய்விட்டது. இப்போது பஸ்தான். சென்ற வருடம் டேனிஷ் கோட்டைக்கு எதிரே சுண்டல் விற்றவரிடம் பழைய ஸ்டேஷன் எங்கே என்று விசாரித்தேன். “ரயில் ஏறவா?” என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

*

நான் கொழும்பு, வெள்ளவத்தை. எங்கள் ஊரில் புகையிரத நிலையத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரம் இரண்டு தண்டவாளம். கோட்டையிலிருந்து தெற்கே வரும் கரையோரப் பாதையில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாம் அப்படித்தான். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலோரம் இருந்தால் முகத்தில் உப்பு படியும். குளிக்க வேண்டுமென்றால் கல்கிசை. ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டுமென்றால் ஹிக்கடுவைக்குப் போவோம்.

எனக்கு எதிர்ப்பட்டவர் பெட்டிக்குள் இறால் வடை விற்கிற ஒரு சிங்களப் பெரியவர். “இஸ்ஸோ வடே, இஸ்ஸோ வடே” என்று அவர் கூவுவது இரண்டு பெட்டிக்கு அப்பாலும் கேட்கும். அம்பலாங்கொடையைத் தாண்டிச் சற்று நேரத்தில் குரல் நின்றது. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். வெளியே பெரலிய. 2004 டிசம்பர் 26 காலை, ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தை அப்படியே புரட்டிப்போட்ட இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடிவந்த ஊர்க்காரர்கள் பாதுகாப்பு என்று நம்பி அந்தப் பெட்டிகளில் ஏறினார்கள், அவர்களும் அதில் உண்டு.

என் அரைகுறைச் சிங்களத்தில் அவருடைய உறவினர் யாராவது அதில் இருந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். “அன்றைக்கு நான் வேலைக்கு வரவில்லை” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நினைவுத் தூண் கடந்து கொஞ்ச தூரம் போனதும் கூடையைத் தூக்கினார், முன்பு நிறுத்திய அதே வரிசையிலிருந்து கூவ ஆரம்பித்தார். நான் நான்கு வடை வாங்கினேன். ஹிக்கடுவையில் இறங்கும்வரை சூடு ஆறவில்லை.