தண்ணீர் கேன் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. மிதிக்கச் சொல்லலாமா?

மூன்றாம்மாடி: வயது 38. போன ஞாயிறு 20 லிட்டர் கேனைக் குனிந்து தூக்கி, அப்படியே உடம்பைத் திருப்பி ஸ்டாண்டில் வைத்தேன். இடுப்பில் 'மளுக்'கென்றது. ஐந்து நாளாக நிமிர முடியவில்லை. இடது தொடையின் பின்பக்கம் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கிறது. இருமினால் உயிர் போகிறது. தெருவில் கால் முதலில் வந்து பிறந்த ஒருவர் இருக்கிறாராம், மிதித்தால் போய்விடும் என்கிறார் மாமியார். எம்.ஆர்.ஐ. எடுக்கவா, மிதிபடவா?

கத்தரிக்கோல்: மிதிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி. 26 வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். எனக்கும் இதே இழுப்பு ரெண்டு மாசம் இருந்தது, தைலம் போட்டே ஓட்டினேன். ஒருநாள் சைக்கிளில் ஏறினால் சீட் இருப்பதே தெரியவில்லை. உட்காரும் இடம் மொத்தமும் மரத்துக் கிடந்தது. அன்றிரவு அடிவயிறு முட்டுகிறது, ஒரு சொட்டு சிறுநீர் இறங்கவில்லை. சூடு என்று நினைத்து சீரகத் தண்ணீர் குடித்தேன், மடையன். மறுநாள் மத்தியானம்தான் பக்கத்துக் கடைக்காரர் அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, கீழே இறங்கும் நரம்புக் கொத்தையே அழுத்திவிட்டதாம். ராத்திரியே ஆபரேஷன். சிறுநீர் சரியாகிவிட்டது. இடது காலில் செருப்பு கழன்றால் இன்றும் தெரியாது. முந்தின ராத்திரியே போயிருந்தால் இந்தக் காலும் தப்பியிருக்கலாம்.

பிசியோக்காரி: அண்ணன் சொன்னது அபூர்வம்தான். ஆனால் வந்தால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய அவசரம். மலம் அடக்க முடியாமல் போனாலும், ரெண்டு காலும் பலமிழந்தாலும் அதே அவசரம்தான். இப்போது குதிகாலால் நாலு அடி நடந்து பாருங்கள். பாதம் தூக்க வராமல் தரையில் தேய்ந்தால் இன்றைக்கே டாக்டர். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் முதுகெலும்பு காசநோயா என்றும் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையா? பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். படுத்தே கிடக்காதீர்கள், வீட்டுக்குள்ளாவது நடங்கள். ஆறு வாரம் ஆகியும் குறையாவிட்டாலோ, நடுவில் கூடினாலோ டாக்டரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.க்கு இப்போதே ஓட வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்குக்கூட அதில் டிஸ்க் பிதுக்கம் தெரியும்.

மூன்றாம்மாடி: குதிகாலில் நடக்க வருகிறது, சிறுநீரும் சரியாகப் போகிறது. மிதிப்பவர் நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறாராம். மாமியாரிடம் யார் சொல்வது?