புதுப்பிப்பு: இலவம்பாடி கத்தரி ஆர்என்ஏ தொகுப்பில் இரட்டைப் பிரதிகள் – தீர்ந்தது

வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி இலையின் ஆர்என்ஏ வாசிப்புகளை (வரிசைப்படுத்தும் கருவி தரும் சிறு துண்டுகள்) ட்ரினிட்டி என்ற மென்பொருளில் முழு ஆர்என்ஏ படிகளாகத் தொகுத்தபோது, பஸ்கோ சோதனையில் (ஒரே பிரதியாக இருக்கவேண்டிய பொது மரபணுக்கள் தொகுப்பில் முழுதாக உள்ளனவா என்று பார்ப்பது) இரட்டை மரபணுக்கள் மிக அதிகமாக வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

முதலில், ஒத்த வரிசைகளை ஒன்றாகச் சேர்க்கும் சிடி-ஹிட்-ஈஎஸ்டி நிரலை 95 சதவீத ஒற்றுமையில் ஓட்டினேன், பெரிதாகக் குறையவில்லை. ஒரே மரபணுவின் ஐசோஃபார்ம்கள் (மாற்று வடிவப் படிகள்) எக்ஸான்களில் (மரபணுவில் இறுதி ஆர்என்ஏவில் இடம்பெறும் துண்டுகள்) வேறுபடுவதால் பல தனித்தனியாகவே நின்றுவிட்டன. அப்புறம் இங்கே ஒருவர் சொன்ன எவிடென்ஷியல்ஜீன் என்ற மென்பொருள்தான் கைகொடுத்தது. அது புரதக் குறியீட்டுப் பகுதியைப் பார்த்து முதன்மைப் படியைத் தேர்ந்தெடுத்து, மாற்றுப் படிகளைத் தனியாக ஒதுக்குகிறது. முதன்மைப் படிகளில் மட்டும் பஸ்கோ ஓட்டினேன்: இரட்டை வெகுவாகக் குறைந்தது, முழுமை (முழுதாகக் கிடைத்த மரபணுக்களின் அளவு) அப்படியே இருந்தது.

எதிர்பாராத ஒன்று: புரதம் தராத நீள் ஆர்என்ஏக்கள் பலவும் எவிடென்ஷியல்ஜீன் தேவையில்லை என்று கழித்தவற்றோடு போய்விட்டன. அவற்றைத் தேடுகிறவர்கள் பழைய ட்ரினிட்டி கோப்பை அழித்துவிடாதீர்கள்.